நான்காம் இடம்

திருச்சிக்கு அருகே திருவரங்கத்துத் தேர் வீதிமுனையில் திரும்புங்கால், முட்டுக்கட்டை போடுவோரின் திறமையே அதனைக் காக்கும். பந்தயக் காரையோ வளைவில் தாங்குவன டயர்களே.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா 1 என்னும் உலகக் கார்ப் பந்தயத்தில் 2005இல் இறங்கிய முதல் இந்தியர். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிசு நகரில் பந்தயம். பயிற்சியின்போதே மிஷெலின் டயர்கள் சரிவான வளைவொன்றில் பழுதுற்றன. ஆதலின் 20 கார்களுள் 14 தொடக்கத்திலேயே விலகின. ஜப்பானிய டயர் பூண்ட ஆறே ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். அறுவரில் நான்காவதுதானே என்று நகைத்தோர், 300 கிலோமீட்டர் தூரம் காரைப் பழுதின்றி ஓட்டிய அருமையை அறியார்.

பின்னர் அவர் ஜப்பானில் சடோரு நகாஜிமாவின் குழுவில் சேர்ந்து, 2019இல் பூஜி ஓடுதளத்தில் வெற்றி கண்டார். அந்த நகாஜிமா ஃபார்முலா 1 பந்தயங்களில் எட்டிய மிக உயர்ந்த இடமும் நான்காவதே.