அப்பப்பாவின் பட்டாளப் பெட்டிக்குப் பயனுள்ள குறிப்புகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளில், அலுமாரிக்கு மேலே ஒரு தகரப் பெட்டி இருக்கும். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட காலத்துச் சாமான்கள் அதற்குள் கிடக்கும். கடற்காற்று அவற்றைத் தின்னாமல் காப்பாற்ற, வீட்டில் இருப்பதே போதும்.

1. துவக்கோ, முனையில் சன்னம் இருக்கும் முழுத் தோட்டாவோ அகப்பட்டால் தட்டாதீர்கள், துடைக்காதீர்கள், பொலிசுக்குச் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இடம் தராது.

2. சுட்டு முடிந்த வெறும் கோதின் அடியைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கே.எஃப். என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்தியாவின் கிர்க்கி தொழிற்சாலையில் செய்தது. பக்கத்தில் ஆண்டும் இருக்கலாம்.

3. சட்டையில் இருந்து கழற்றாமலே பித்தளைப் பொத்தானை மினுக்கலாம். பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு கீறல் வெட்டி, பொத்தானுக்குக் கீழே செருகிவிட்டுத் தேயுங்கள். பிராசோ துணியில் படாது. பட்டாளத்தில் இதற்கென்றே பித்தளைத் தகடு கொடுத்திருந்தார்கள்.

4. ஆனால் அடிக்கடி மினுக்க வேண்டாம். தேசிக்காய், பழப்புளி எல்லாம் குத்துவிளக்கோடு நிற்கட்டும். சேகரிப்பவர்கள் தேடுவது அந்தப் பழைய நிறத்தைத்தான், எழுத்துத் தேய்ந்த வில்லைக்கு மதிப்பில்லை.

5. தோற்பட்டியில் பித்தளை படும் இடத்தில் பச்சையாகக் களிம்பு கட்டும். ஈர்க்கால் மெல்லச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்தால் போய்விடும்.

6. தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசவே கூடாது. சிக்குமணம் வரும், பூஞ்சணமும் பிடிக்கும். நிழலில் காற்றாட விட்டாலே போதும். கத்தியைத் தோலுறைக்குள் விட்டு வைக்காதீர்கள், அலகில் கறள் ஏறும்.

7. விரல் நீளப் பித்தளைப் புட்டி, மூடியோடு ஒட்டிய சின்னக் கரண்டி! மருந்துப் புட்டி என்று எறிந்துவிடாதீர்கள். அது .303 லீ என்ஃபீல்ட் துவக்கின் அடிக்கட்டைக்குள் இருக்கும் எண்ணெய்ப் புட்டி. மூடி இறுகியிருந்தால் குறடு வேண்டாம். தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி விட்டு, இரவு முழுக்க வையுங்கள்.

8. அனுமதிப்பத்திரத்தோடு பழைய துவக்கு வைத்திருப்பவர்கள் மரத்துக்கு வார்னிஷ் அடிக்காமல், சில துளி லின்சீட் ஒயிலை உள்ளங்கையால் தேய்த்து மிச்சத்தைத் துடைத்துவிடலாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

9. சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா மணிகளைச் சேர்த்து, துணிப்பையில் முடிந்து உள்ளே போடுங்கள். ஈரம் குடித்த பிறகு, சமையலுக்கு எடுக்காத தாச்சியில் இளஞ்சூட்டில் வறுத்தால் திரும்பவும் உதவும்.

10. கன்வஸ் பட்டிகளை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். வோஷிங் மெசினில் போட்டால் முத்திரை அழிந்துவிடும்.

11. முதலாம் உலகப் போர்ப் பதக்கமென்றால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், பெயரும் இலக்கமும் வெட்டியிருக்கும். இரண்டாம் போரின் பிரித்தானியப் பதக்கங்கள் பெரும்பாலும் பெயரில்லாமல் வந்தவை. அதனால் யாருடையது என்று ஒரு துண்டில் எழுதிக் கூடவே வையுங்கள்.

12. படங்களின் பின்பக்கம் பேனை வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். பழைய பித்தளை வாங்க வருபவருக்கு நிறைக்குப் போடுவதற்கு முன், வீட்டில் எல்லோரையும் ஒருமுறை கேளுங்கள்.