வருபவருக்காக இருத்தல்: ஆதரவுக் குழுவின் இளம் தொண்டருக்கு ஒரு கடிதம்

தன்பாலீர்ப்பு கொண்டோருக்கான ஆதரவுக் குழு ஒன்றில் பணியாற்ற முன்வந்துள்ள இளம் தொண்டருக்கு,

தன்பாலீர்ப்பு, அதாவது ஆணுக்கு ஆண்மீதும் பெண்ணுக்குப் பெண்மீதும் இயல்பாக எழும் காதலும் நாட்டமும், நோயன்று என்பதை மருத்துவ உலகமும் குற்றமன்று என்பதை இந்திய உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டுவிட்ட இக்காலத்திலும், அந்நாட்டத்தைத் தம்முள் உணரும் ஒருவர் அதை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்வதற்கு நம்பத்தக்க ஒரு செவியைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. சாதியாலோ சமயத்தாலோ ஒடுக்கப்படும் குழந்தைக்கு, அவ்வொடுக்குமுறையை முன்பே பட்டறிந்த தாயும் பாட்டியும் வீட்டிலேயே துணையாக இருக்கின்றனர். தன்பாலீர்ப்பு கொண்ட குழந்தையோ பெரும்பாலும் தன் வீட்டில் தனியொருவராகவே வளர்கிறது. வீடு தர இயலாத அந்தத் துணையை வெளியில் அமைத்துத் தரும் முயற்சியே ஆதரவுக் குழு. அதன் மதிப்பைப் பேரணியில் திரண்டோரின் எண்ணிக்கையாலோ பெற்ற நிதியின் அளவாலோ அளக்க இயலாது. முன்பின் அறியாத ஒருவர் துணிந்து வரும் நாளில் குழு அங்கே இருக்கிறதா, அவர் சொன்னது அங்கேயே தங்குகிறதா என்னும் இரு வினாக்களுக்குக் கிடைக்கும் விடையே அதன் மதிப்பாகும். இளம் தொண்டர் கற்க வேண்டியவை பலவும் இவ்விரு வினாக்களுள் அடங்கும்.

இந்தியாவில் இத்தகைய குழுக்கள் பெருமளவில் 1990-களில் உருவாயின. அசோக் ராவ் கவி 1990-இல் மும்பையில் தொடங்கிய பாம்பே தோஸ்த் இதழைத் தொடர்ந்து 1994-இல் ஹம்சஃபர் அறக்கட்டளை அமைந்தது. கொல்கத்தாவில் 1993-இல் கவுன்சல் கிளப்பும், பெங்களூரில் 1994-இல் குட் ஆஸ் யூ குழுவும், மும்பையில் 1995-இல் பெண்களுக்கான ஸ்த்ரீ சங்கமமும், சென்னையில் 1998-இல் சுனில் மேனன் நிறுவிய சகோதரனும் தோன்றின. பின்னர் ஓரினம் என்று பெயர் பெற்ற சென்னைக் குழு 2003-இல் உருவாயிற்று. வியாழக்கிழமைதோறும் கூடுவதைப் பெங்களூர்க் குழு தன் வழக்கமாக்கிக்கொண்டது என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பல மாதங்கள் தயங்கிய பின் ஒரு மாலையில் புறப்பட்டு வருபவர், பூட்டிய கதவைக் கண்டு திரும்பினால் மறுமுறை வருவது அரிது. ஆகவே இருவர் மட்டுமே வந்தாலும், ஒருவரும் வராவிட்டாலும், அறிவித்த நாளில் அறிவித்த இடத்தில் தொண்டர் இருக்க வேண்டும் என்பதே இப்பணியின் முதல் நெறி.

இந்நெறிக்கு லண்டனில் 1974 மார்ச் மாதத்தில் தொடங்கிய கே ஸ்விட்ச்போர்டு என்னும் தொலைபேசி உதவிச் சேவை நல்லதோர் எடுத்துக்காட்டு. கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஹவுஸ்மன்ஸ் புத்தகக் கடை இருந்த கட்டடத்தில் சிறு அறையொன்றில் தொடங்கிய அச்சேவை விரைவிலேயே இரவு பகல் முழுவதும் இயங்கலாயிற்று. அங்கே ஒரு முறைப்பணியில் இருந்த தொண்டர் தாம் கேட்டவற்றையும் கற்றவற்றையும் அடுத்து வருபவருக்காகப் பதிவேட்டில் எழுதி வைத்தார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவருக்குத் தங்குமிடம், கைதானவருக்கு வழக்கறிஞர், தனித்திருப்பவருக்கு ஒரு குரல் என ஒவ்வோர் அழைப்பும் குழுவின் அறிவாகச் சேர்ந்தது. தனி மனிதர் களைத்து விலகினாலும் சேவை தொடர்ந்ததற்கு அவ்வொழுங்கும் ஒரு காரணம். நியூயார்க்கில் 1982-இல் எய்ட்ஸ் நோய்க்குப் பெயர்கூட நிலைபெறாத காலத்தில், கே ஆண்களின் உடல்நலத்திற்காக இயங்கிய ஜிஎம்எச்சி என்னும் அமைப்பின் தொண்டர் ஒருவர் தம் வீட்டுத் தொலைபேசியிலேயே உதவி எண்ணைத் தொடங்க, முதல் இரவிலேயே நூற்றுக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்தன. அரசும் மருத்துவமனையும் அணியமாவதற்கு முன்பே அங்கே ஒருவர் செவிமடுத்துக்கொண்டிருந்தார்.

செவிமடுத்தல் என்பது அறிவுரை கூறுவதினின்று வேறானது. புதிதாக வருபவரின் பெயர், ஊர், பணியிடம் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டிய தேவை முதல் சந்திப்பில் இல்லை. லெஸ்பியன், கே, இருபாலீர்ப்பாளர் என்னும் வகைப் பெயர்களுள் ஒன்றை அவர்மீது சூட்டும் உரிமையும் தொண்டருக்கு இல்லை. தம் நாட்டத்தைப் பிறரிடம் தாமே சொல்லும் செயல் வெளிப்படுத்திக்கொள்ளுதல் எனப்படும். அதை வீரமாகப் போற்றி எல்லோரையும் அதற்கு ஏவும் வழக்கம் குழுக்களில் உண்டு. பெற்றோர் வருவாயில் படிக்கும் மாணவர் ஒருவர் அவ்வாறு ஏவப்பட்டு, ஒரே இரவில் படிப்பையும் தங்குமிடத்தையும் இழந்தால், ஏவியவர் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவ்வாழ்வை வாழ்பவரே. அத்தீர்மானத்தின் பின்விளைவுகளை முன்கூட்டி எண்ணிப் பார்க்க உதவுவதே தொண்டரின் பங்கு.

தமிழ்க் குடும்பங்களில் இவ்வினா பெரும்பாலும் திருமணப் பேச்சின் வடிவில் எழுகிறது. பெண் பார்க்கும் நாள் குறிக்கப்பட்ட ஆணோ, நிச்சயதார்த்தம் முடிந்த பெண்ணோ குழுவை நாடி வரும்போது, தொண்டர் அவருக்காக முடிவெடுக்கக் கூடாது; ஆனால் அங்கே இல்லாத மற்றொருவரின் வாழ்வும் அம்முடிவில் பிணைந்திருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லாமல் விடுவதும் தவறாகும். வருபவரின் அச்சத்தைக் குற்றமாக்காமல் அவ்வுண்மையைக் கூறும் மொழி பழகிப் பழகியே வசப்படும்.

தொண்டர் தம் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். தாமும் அதே வாழ்வை வாழ்ந்தவர் என்பதால் அவர் அளிக்கும் துணைக்குத் தனி வலிமை உண்டெனினும், அது மனநல மருத்துவத்திற்கு மாற்றாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு வருபவரைப் பயிற்சி பெற்றோரிடம் உடனடியாகச் சேர்ப்பிக்க, 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா போன்ற தற்கொலைத் தடுப்பு மையங்களின் விவரங்கள் எப்போதும் கைவசம் இருத்தல் வேண்டும். அதே வேளையில், நாட்டத்தை மாற்றித் தருவதாகக் கூறும் மருத்துவர்களிடம் ஒருவரையும் அனுப்பக் கூடாது. மாற்றுச் சிகிச்சை எனப்படும் அம்முயற்சியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடைசெய்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதனைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

இனி, சொன்னது அங்கேயே தங்குதல் என்னும் இரண்டாம் வினாவைக் கருதலாம். 2001 ஜூலையில் லக்னோவில் எச்ஐவி தடுப்புப் பணியில் ஈடுபட்டிருந்த பரோசா, நாஸ் பன்னாட்டு அமைப்பு ஆகியவற்றின் அலுவலகங்களில் காவல்துறை புகுந்து, விழிப்புணர்வு வெளியீடுகளை ஆபாசமெனக் கைப்பற்றிப் பணியாளர்களைச் சிறையிலிட்டது; அவர்கள் 40 நாட்களுக்கும் மேலாகச் சிறையில் இருந்தனர். அலுவலகத்தில் உள்ள ஒவ்வொரு தாளும் ஒருநாள் பிறர் கைக்குப் போகக்கூடும் என்னும் எச்சரிக்கையை அந்நிகழ்வு விட்டுச் சென்றிருக்கிறது. தேவைக்கு மேற்பட்ட விவரத்தைக் கேட்காதிருத்தல், உண்மைப் பெயருக்குப் பதிலாகக் குறியெண் இடுதல், கூட்டங்களில் ஒப்புதலின்றிப் படமெடுக்காதிருத்தல், ஒரு கூட்டத்தில் கண்டவரை வெளியில் கண்டால் அவர் பேசத் தொடங்கும்வரை அறியாதவர் போலிருத்தல் ஆகியன இதனால் கட்டாய ஒழுங்குகளாகின்றன. இரகசியத்திற்கும் ஓர் எல்லை உண்டு: 18 வயது நிரம்பாதவர் பாலியல் வன்முறைக்கு உள்ளானதைத் தெரிவித்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை அறிந்தவர் உரிய அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும். ஆகவே காக்க இயலாத வாக்குறுதியைத் தொண்டர் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும்.

இவ்விரு நெறிகளும் கடுமையாகச் சோதிக்கப்படுவது, குடும்பத்தின் வன்முறைக்கு அஞ்சி இருவர் வீட்டை விட்டு வெளியேறி வரும் வேளையில்தான். வயது வந்த இரு பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடியதைத் தொடர்ந்து எழுந்த சுஷ்மா வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று வழங்கிய ஆணை ஒவ்வொரு தொண்டரும் படித்தறிய வேண்டியதாகும். காணவில்லை என்று வந்த புகாரில் தொடர்புடையோர் மனமொத்த வயது வந்தோர் என்பது தெரிந்தால், காவல்துறை அவர்களின் வாக்குமூலத்தைப் பெற்றுத் துன்புறுத்தாமல் புகாரை முடித்துவைக்க வேண்டும் என்று அது பணித்தது. அனுபவமுள்ள தொண்டு நிறுவனங்களைப் பட்டியலிடவும், நாடி வருவோர் பற்றிய பதிவுகளை இரகசியமாகப் பேணவும் அதே ஆணை வழிவகுத்தது. பல ஆண்டுகளாகக் குழுக்கள் அமைதியாகச் செய்துவந்த பணிக்கு இவ்வாறு நீதிமன்றத்தின் ஏற்பு கிடைத்தது. இச்சமூகத்தினரையும் அவர்களுக்காகப் பணியாற்றுவோரையும் துன்புறுத்துவதைத் தடுக்கும் விதியைத் தமிழ்நாடு அரசு 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் சேர்த்தது. பெற்றோர் தொடுக்கும் ஆட்கொணர்வு மனுக்களில், அதாவது ஒருவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் மனுக்களில், நாட்டத்தை மாற்றும் நோக்கில் மனநல ஆலோசனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் மாதத்தில் நெறிப்படுத்தியது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைப்பதற்கான வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்னும் கருத்து ஏற்கத்தக்கது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது. இவ்வாணைகளின் படிகளைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் பணிவாகவும் உறுதியாகவும் பேசத் தெரிந்த ஒரு தொண்டர், அவ்விரவில் இருவரின் விடுதலைக்குக் காரணமாகலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவது என்பதையும் மறத்தல் கூடாது. ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பு 2004 முதல் இயங்கும் இலங்கையில், தன்பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 365ஏ பிரிவு இன்னும் நீக்கப்படவில்லையாதலின், அங்குள்ள தமிழ்த் தொண்டருக்கு இரகசியம் காத்தலின் சுமை மேலும் கூடுதலாகும்.

அறிவித்த நாளில் கதவு திறந்திருந்தாலும், அக்கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்னும் வினா எஞ்சுகிறது. எச்ஐவி தடுப்புக்கென வந்த நிதியால் ஆண்களுக்கான குழுக்கள் பல அலுவலகமும் ஊதியமும் பெற்றன. அந்நிதியின் கணக்கில் பெண்கள் இடம்பெறவில்லை. இரு பெண்களின் காதலைச் சித்திரித்த ஃபயர் திரைப்படத்திற்கு எதிராக 1998-இல் நடந்த தாக்குதல்களுக்குப் பின், 1999-இல் கொல்கத்தாவில் பெண்கள் அறுவர் தொடங்கிய சாஃபோ குழு, முதன்மையாகத் தம் உழைப்பையும் ஒருவர்மீதொருவர் கொண்ட நம்பிக்கையையும் கொண்டே வளர்ந்தது. மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று வருந்துவதும், ஆங்கிலத்திலேயே பேசிவிட்டு உழைக்கும் மக்கள் வருவதில்லை என்று வியப்பதும் பொருத்தமற்றவை. விடுதியில் தங்கியிருக்கும் தறித் தொழிலாளியும் வீட்டுக் காவலில் இருக்கும் கல்லூரி மாணவியும் வந்து சேரத்தக்க நேரம், பேருந்து வசதி, தமிழ்ப் பேச்சு ஆகியவற்றை எண்ணிக் குழுவை அமைக்க வேண்டும். அறைக்குள் சாதி நுழைந்து ஒருவரைச் சிறுமைப்படுத்தும்போது, பொது ஒற்றுமையின் பெயரால் அதனை மூடி மறைக்கக் கூடாது. நிதி தேவையே, எனினும் நிதி தருபவர் கேட்கும் எண்ணிக்கைக்காக வருபவரின் தேவையை வளைக்கத் தொடங்கும் குழு, தன் இருப்பின் காரணத்தை இழந்துவிடும்.

பெற்றோரை எதிரிகளாக மட்டும் கருதுவதும் குறைபாடே. தம் மகன் தாக்கப்பட்டதை அறிந்து வெகுண்ட ஜீன் மான்ஃபோர்டு என்னும் நியூயார்க் ஆசிரியை, 1972-இல் பேரணியில் அவனோடு பதாகை ஏந்தி நடந்தார். மறு ஆண்டு அவர் ஒரு தேவாலயத்தில் கூட்டிய ஏறத்தாழ இருபது பேரின் சந்திப்பிலிருந்து பிஃப்ளாக் என்னும் பெற்றோர் இயக்கம் வளர்ந்தது. இந்தியாவிலும் பெற்றோர் சிலர், தன்பாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு குறித்த வழக்கில் தம் மக்களுக்காக உச்ச நீதிமன்றத்தை நாடினர். ஸ்வீகார் என்னும் பெற்றோர் அமைப்பு தன்பாலினத் திருமண உரிமை வழக்கின்போது, 2023-இல் தலைமை நீதிபதிக்கு மடல் எழுதியது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அழும் தாய்க்கு, அதே அழுகையைக் கடந்துவந்த மற்றொரு தாயே தக்க துணையாவார். அவ்விருவரையும் சந்திக்க வைப்பது எந்தச் சொற்பொழிவினும் பயன் தரும்.

இறுதியாக, தொண்டர் தம் இடத்தை நிரப்பத்தக்க ஒருவரை முதல் ஆண்டிலேயே பழக்கத் தொடங்க வேண்டும். பிறரின் துயரை நாள்தோறும் கேட்பவர் சோர்வது இயற்கை. அச்சோர்வைத் தம் தகுதிக் குறைவாக எண்ணி மறைக்காமல், முறைப்பணியைப் பங்கிட்டு ஓய்வுகொள்வது கடமையின் ஒரு பகுதியே. குழுக்கள் முடிவுறுவதும் உண்டு. கவுன்சல் கிளப் 2002-இல் நின்றபோதிலும், அங்கே பயின்றவர்கள் பிற அமைப்புகளில் அப்பணியைத் தொடர்ந்தனர். தன்பாலுறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று வழங்கிய தீர்ப்பு நாடெங்கும் கொண்டாடப்பட்டது. அத்தீர்ப்பில் முடிந்த நெடிய சட்டப் போராட்டத்திற்கு வழிகோலிய 2001-ஆம் ஆண்டின் நாஸ் அறக்கட்டளை வழக்கோ, அச்சத்தால் மறைந்து வாழ்ந்தோரிடம் மருத்துவ உதவியைக் கொண்டுசேர்க்க முயன்ற பணியாளர்களின் இடர்ப்பாட்டில் வேர்கொண்டது. ஒருவரோடு ஒருவர் உடனிருந்த பணியே உரிமைக் கோரிக்கையாக வளர்ந்தது. ஆகவே, அடுத்த கூட்டத்திற்கான அறையைப் பதிவுசெய்வதையும், உதவி எண் அடிக்கும்போது எடுப்பதையும் சிறு பணிகளென்று இளம் தொண்டர் எண்ண வேண்டியதில்லை. பிற பணிகள் யாவும் அவற்றின்மேல்தான் எழுகின்றன.