சிங்கப்பூரில் ஒரு விசேஷ விருந்து: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்யாண நாள், அப்பாவுக்கு அறுபது, மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷம் என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். சிங்கப்பூர் பயணத்தில் ஓர் இரவையாவது பெரிய உணவகத்துக்கு ஒதுக்குகிறார்கள் நம்மவர்கள். மற்ற நாள்களின் சாப்பாட்டுச் செலவு முழுவதையும் அந்த ஒரு வேளை விழுங்கிவிடும். மேசையைப் பதிவு செய்வதற்கு முன் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: மிச்சலின் நட்சத்திரம் வாங்கிய இடம் ஆடம்பரமாக இருக்கும்.

நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டுமே. பொருள்களின் தரம், சமையல் நுட்பம், சுவைகளின் இசைவு, சமைப்பவரின் தனித்தன்மை, எப்போது போனாலும் மாறாத தரம் ஆகியவற்றைத்தான் மிச்சலின் உணவக வழிகாட்டியின் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். சரவிளக்கும் மேசை விரிப்பும் கணக்கில் வராது. 2016இல் சிங்கப்பூருக்கான முதல் பட்டியல் வந்தபோது, சைனாடவுன் உணவங்காடியில் சுமார் 2 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சோயா சாஸ் கோழிச்சோறு விற்ற சான் ஹோன் மெங்கின் கடைக்கும் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. 2021இல் அது கைவிட்டுப் போனது. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பழைய பயணக் காணொளியை நம்பாமல் அந்த ஆண்டின் பட்டியலைப் பாருங்கள்.

நம்பிக்கை: உச்சி மாடியில் சாப்பிட்டால்தான் விசேஷம்.

எழுபதாவது மாடியில் இருக்கும் 'ஜான்' நல்ல உணவகம்தான். ஆனால் மூன்று நட்சத்திரம் பெற்ற 'லே ஸாமி' ஆர்ச்சர்ட் பகுதியின் ஒரு வணிக வளாகத்தில் இருக்கிறது. காட்சி வேண்டுமா, சாப்பாடு வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நம்பிக்கை: உயர்தர உணவு என்றால் பிரெஞ்சு அல்லது ஜப்பானிய உணவு.

என்னை மிகவும் வருத்தும் நம்பிக்கை இதுதான். அந்த ஊருக்குப் போய் அந்த ஊரைச் சாப்பிடாமல் திரும்புகிறோம். டெம்ப்சி ஹில்லில் உள்ள 'கேண்டில்நட்', சீன, மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கன் சமையலுக்காக உலகிலேயே முதலில் மிச்சலின் நட்சத்திரம் பெற்ற உணவகம். பெரனாக்கன் சமையலின் உயிர்நாடி 'புவா கெலுவாக்' என்ற கொட்டை. பச்சையாகச் சாப்பிட்டால் விஷம். அதைப் பக்குவப்படுத்தி, பிறகு நாள் கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, சாம்பல் நிற ஓட்டின் வாயை உடைத்தால் உள்ளே தார் போன்ற கறுப்பு விழுது இருக்கும். மண்வாசனையும் லேசான கசப்பும் கலந்த அந்த ருசி வேறெதிலும் கிடைக்காது. இவ்வளவு பாடுபட்டு ஒரு கொட்டையைச் சமைக்கும் மரபைவிடப் பெரிய ஆடம்பரம் எது?

நம் சமையலுக்கும் அங்கே இடம் உண்டு. பினாங்கில் பிறந்த மனோ தேவர் நடத்தும் 'தேவர்' உணவகம் 2022இல் இரண்டாவது நட்சத்திரம் பெற்றது. கடல்சிப்பியின் மேல் உறையவைத்த ரசத்தைத் துருவிப் போடுவது அவர் கைவண்ணம். வீட்டில் கிடைக்கிற ரசம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நம்பிக்கை: உணவுப் பட்டியலில் உள்ள விலைதான் கட்டணம்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம், மற்றொன்று 9 சதவீத பொருள் சேவை வரி. அந்த வரி சேவைக் கட்டணத்தின் மேலும் விழும். அதனால் 100 வெள்ளி 110 ஆகி, பில்லில் 119 வெள்ளி 90 காசாக நிற்கும். தனியாக டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. மதிய விருந்து நடத்தும் இடங்களில் அதே சமையல் பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பல இடங்களில் அட்டையிலிருந்து பணம் எடுத்துவிடுவார்கள். அந்த நிபந்தனையையும் படித்துவிடுங்கள்.

நம்பிக்கை: சைவம் என்று சொன்னால் போதும்.

போதாது. சம்பலில் இறால் விழுது இருக்கும், ஜப்பானிய ரசத்தில் மீன் சாறு இருக்கும், கீரை வதக்கலில் சிப்பி சாஸ் இருக்கும். பரிமாறுபவரின் கண்ணுக்கு அவை தெரியாமலே போகலாம். முட்டை கூடுமா, பால் கூடுமா, வெங்காயம் பூண்டு தவிர்ப்பீர்களா என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்யும்போதே எழுதுங்கள். பல வகை உணவை வரிசையாகப் பரிமாறும் சமையலறையில் சாறும் விழுதும் முன்கூட்டியே தயாராகிவிடும். போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களாலும் பெரிதாக மாற்ற முடியாது. எழுதிக் கேட்டும் தெளிவான பதில் வரவில்லையென்றால், எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.