பழைய வீட்டுப் பட்டாசாலையைப் புதுசாக்கலாம் – எது முதலில், எது கடைசியில்?



குழுக் கூட்டங்களில் கடன் மனுவில் "வீடு மராமத்து" என்று எழுதியிருந்தால், என்ன வேலை என்று கேட்பது வழக்கம். அடிக்கடி கிடைக்கும் பதில் இது: "பட்டாசாலைய மட்டும் கொஞ்சம் மாடலா மாத்தணும் மேடம். டைல்ஸ் ஒட்டணும், மேல சீலிங் அடிக்கணும். பிள்ளைய பொண்ணு பார்க்க வர்றாங்க. பழைய வீடுன்னு சொல்லிடக் கூடாதுல்ல."

இந்த ஆசையில் தப்பு எதுவும் இல்லை. வருகிறவர் முதலில் பார்ப்பது பட்டாசாலையைத்தான். பிள்ளைகள் படிப்பதும், வயசானவர்கள் படுப்பதும், நாலு பேர் உட்கார்ந்து பேசுவதும் அங்கேதான். ஆனால் கடன் நம் பெயரில் இருக்கிறது. அந்தப் பணம் மினுமினுப்புக்குப் போய், ஒழுகுகிற கூரை அப்படியே நின்றால், இரண்டு மழையில் மினுமினுப்பும் போய்விடும். தவணை மட்டும் மிச்சமிருக்கும். ஆகவே வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதே இந்த மாதப் பாடம்.

நம் பட்டாசாலை எப்படி மாறியது?

திண்டுக்கல் சமவெளியில், ஆத்தூர், ரெட்டியார்சத்திரம், சாணார்பட்டி, வேடசந்தூர் பக்கமெல்லாம் பழைய வீடு என்றால் திண்ணை, நிலைவாசல், பட்டாசாலை, உள்ளே அடுப்படி என்று இருக்கும். மண் சுவர் அல்லது செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை, காவித் தரை. பட்டாசாலை அன்றைக்கு வேலை செய்யும் இடமாகவும் இருந்தது. கடலை மூட்டையும் நெல் மூட்டையும் அங்கேதான் அடுக்குவோம். சின்னாளபட்டி நெசவாளர் வீடுகளில் தறியே வீட்டுக்குள்தான் இருக்கும்.

பிறகு ஒவ்வொரு பொருளாக உள்ளே வந்தது. 2006-ல் தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டம் வந்தது. அப்புறம் ஃபிரிட்ஜ், செல்போன் சார்ஜர், சில வீடுகளில் வாஷிங் மெஷின். பொருள் எல்லாம் புதுசு. ஆனால் பல வீடுகளில் சுவரில் ஓடும் ஒயர், ஒரே ஒரு குண்டு பல்பு எரிந்த காலத்து ஒயர்தான். வீட்டைப் புதுசாக்குவது என்றால் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

முதல் வேலை: கூரை

மழைக்காலத்துக்கு முன்பே ஆள் வைத்து ஓட்டைப் பிரித்துப் பாருங்கள். உடைந்த ஓடு, உளுத்த ரீப்பர், கரையான் ஏறிய கைமரம் இவற்றை மட்டும் மாற்றினால் போதும். முழுக் கூரையையும் இறக்க வேண்டிய அவசியம் பல வீடுகளில் வராது.

ஓட்டுக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் சீலிங், தெர்மாகோல் சீலிங் அடிப்பதை நன்றாக யோசித்துச் செய்யுங்கள். மேலே ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது. எலியும் பூரானும் குடியேறும். ஒயர் தீப்பிடித்தால் சீலிங்கும் சேர்ந்து எரிந்து வீடு முழுக்க நச்சுப்புகை பரவும். "தூசி கொட்டுது, அதுக்குத்தான் சீலிங்" என்பவர்கள், ஓட்டுக்கு அடியில் போடுகிற சீலிங் ஓடு கிடைக்குமா என்று ஓட்டுக் கடையில் விசாரியுங்கள். அது சுட்ட மண். எரியாது, வெக்கையும் குறையும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடையாமல் இருக்கிற ஷீட்டை அறுக்கவோ துளை போடவோ வேண்டாம். மாற்றுவதாக இருந்தால் தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் பிள்ளைகள் வீட்டில் இருக்கக் கூடாது. விழுந்த தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

இரண்டாவது வேலை: சுவர்

சுவரின் அடியில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறதா? அதன் மேல் புட்டி வைத்து பெயிண்ட் அடித்தால் சீக்கிரமே கொப்பளித்துவிடும். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு முழ நீள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நீர் கோர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அப்படியானால் வெளியே சுவரோரம் தண்ணீர் தேங்குகிறதா, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா என்று பார்த்து, முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

மண் சுவர், சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூச்சு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிடும். பூச்சு பாளமாகப் பெயர்ந்து வரும், உள்சுவரும் கரையும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருத்தம். வெள்ளையடிக்கவும் சுண்ணாம்பு நல்லது. செலவு குறைவு, அறையும் வெளிச்சமாகத் தெரியும்.

மூன்றாவது வேலை: கரண்ட்

ஒயர்மேனைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா? ஒயர் பழசாகி வெடித்திருக்கிறதா? ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்தும் கருவி, அதாவது 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி., இருக்கிறதா? லைட்டுக்கு 1.5, பெரிய பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்பது பொதுவான அளவு. ஃபிரிட்ஜையும் கிரைண்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகும் பழக்கத்தை விட்டுவிடுவோம். டைல்ஸ் இல்லாததால் உயிர் போகாது. எர்த் இல்லாததால் போகும்.

நான்காவது வேலை: வெளிச்சமும் காற்றும்

பட்டாசாலை "பழசாக" தெரிவதற்குப் பெரிய காரணம் இருட்டு. கூரையில் இரண்டு மூன்று ஓட்டை எடுத்துவிட்டு அதே அளவில் கண்ணாடி ஓடு பொருத்துங்கள். பகலில் லைட் போட வேண்டியிருக்காது. எதிர் எதிரே ஜன்னல் இருந்தால் காற்று ஓடும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை முழுசாக அடைக்காதீர்கள். சூடான காற்று அது வழியாகத்தான் வெளியே போகிறது. பூச்சி வராமல் கம்பி வலை அடித்தால் போதும். தார்சு வீடாக இருந்தால் மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், வெயில் காலத்தில் வித்தியாசம் தெரியும்.

மின்விசிறி மாற்றுவதாக இருந்தால் ஒரு கணக்கு. பழைய விசிறி சுமார் 75 வாட்ஸ் இழுக்கும். பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட்ஸ். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 32 யூனிட் மிச்சம். விலை கூடுதல்தான், ஆனால் ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் திரும்பி வரும்.

ஐந்தாவது வேலை: தரை

நல்ல காவித் தரையை உடைத்துவிட்டு டைல்ஸ் போட வேண்டுமா? விரிசலைச் சிமெண்ட், காவி ஆக்சைடு கலவையால் அடைத்து, தேய்த்து மெழுகு போட்டால் பளபளப்பு திரும்ப வரும். சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில் மணல், சிமெண்ட், நிற ஆக்சைடு சேர்த்து, கண்ணாடி மேல் ஊற்றிக் கையாலேயே செய்யும் கல்லைப் பெரிய பங்களாக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். நாம் "பழசு" என்று உடைப்பதைத்தான் அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

தரை உண்மையாகவே பாழாகி இருந்தால் டைல்ஸ் போடலாம். வழுக்காத சொரசொரப்பு வகையைக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் வயசானவர்களும் நடக்கிற இடம். 12-க்கு 14 அடி அறை என்றால் 168 சதுர அடி. உடைசலுக்கு 10 சதவீதம் சேர்த்தால் சுமார் 185. இரண்டுக்கு இரண்டு அடிக் கல் 47 வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் அதிகமாகத் தலையில் கட்ட முடியாது. பழைய தரைக்கு மேலேயே ஒட்டினால் தரை உயரும். கதவு இடிக்குமா, முற்றத்துத் தண்ணீர் உள்ளே வருமா என்று முன்கூட்டியே கொத்தனாரிடம் கேளுங்கள்.

பழைய மரத்தை அவசரப்பட்டு விற்காதீர்கள்

வேலை ஆரம்பிக்கிறது என்று தெரிந்தால் பழைய சாமான் வியாபாரி வாசலில் வந்து நிற்பார். "இந்தக் கதவு எதுக்கும்மா, இரும்புக் கதவு போட்டுக்கோங்க" என்பார். காரைக்குடியில் பழைய தூண், நிலை, கதவு, பித்தளைப் பாத்திரம் விற்கும் கடைகள் தெருவாகவே இருக்கின்றன. நாம் சில நூறுக்குக் கொடுப்பது அங்கே என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள். தேக்கு நிலையை இழைத்து எண்ணெய் பூசினால் பட்டாசாலைக்கு அதைவிட அழகு வேறில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் திண்டுக்கல் பூட்டு தொங்குவதற்கும் அந்தக் கதவுதான் பொருத்தம்!

கடன் கணக்கு

50,000 ரூபாய், 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். குறையும் அசலுக்கு வருடம் 12 சதவீத வட்டி என்றால் மாதம் சுமார் 2,354 ரூபாய். மொத்தம் கட்டுவது 56,500-க்குள். 24 சதவீதம் என்றால் மாதம் சுமார் 2,644. மொத்தம் 63,400-க்கு மேல். வெளியில் நூற்றுக்கு 5 ரூபாய் மாத வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டுமே மாதம் 2,500. இரண்டு வருடத்தில் 60,000 கட்டியும் அசல் 50,000 அப்படியே நிற்கும். சீலிங்குக்கும் ஷோகேஸுக்கும் இப்படிக் கடன் வாங்கலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

வேலையை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்பதில்லை. இந்த வருடம் கூரையும் ஒயரும், அடுத்த வருடம் சுவரும் வெளிச்சமும், கையில் சேமிப்பு இருக்கும்போது தரை என்று பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் பாருங்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது? வரி ரசீது மட்டும் போதாது, பத்திரமும் பட்டாவும் பாருங்கள். பாகம் பிரிக்காத வீட்டில் உங்கள் பெயரில் கடன் வாங்கி டைல்ஸ் ஒட்டினால், நாளைக்குப் பாகம் பிரியும்போது அதைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. செலவுக்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, யார் எவ்வளவு போடுவது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுத் திட்டத்தில் கட்டிய பழைய தொகுப்பு வீடு என்றால் கடன் வாங்கும் முன் ஊராட்சிச் செயலரிடமோ ஒன்றிய அலுவலகத்திலோ விசாரியுங்கள். 2001-க்கு முன் கட்டிய அரசு வீடுகளைப் பழுது பார்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. உங்கள் வீட்டுக்கு வழி உண்டா என்று கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் குழுவில் எத்தனை வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறது? ஒரே நாளில் ஒரு ஒயர்மேனை வைத்து எல்லா வீட்டையும் பார்த்தால் கூலி குறையுமா?

2. வீடு மராமத்துக் கடன் கேட்பவரிடம், கூரையும் ஒயரும் பார்த்தாகிவிட்டதா என்று கேட்பதைத் தீர்மானமாகப் போடலாமா?

3. நம் ஊரில் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் யார்? அவரிடம் தொழில் கற்க நம் பிள்ளைகள் யாராவது உண்டா?

உங்கள் குழுவில் பேசி எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கண்ணாடி ஓடு பொருத்திய சகோதரிகள் யாராவது இருந்தால், எங்கே வாங்கினீர்கள், என்ன விலை ஆனது என்பதையும் சொல்லுங்கள். மற்ற குழுக்களுக்கு உதவும்.