கால் ஆணிக்கு வேர் கிடையாது

நம்பிக்கை: பாதம் வலித்தால் அது குதிவாதம்தான்.

குதிவாதம் குதிகாலில் வருவது. காலையில் எழுந்து வைக்கிற முதல் அடியிலேயே சுரீரென்று குத்தும். முன்பாத வலி பெரும்பாலும் நிற்க நிற்க, நடக்க நடக்க ஏறும், உட்கார்ந்தால் தணியும். விரல்களுக்குச் சற்றுக் கீழே ஐந்து நீள எலும்புகளின் முனைகள் தரையில் ஊன்றுகின்றன. அவற்றுக்கு அடியில் உள்ள கொழுப்பு மெத்தை வயது ஏற ஏற மெலிந்துவிடும். ஹீல்ஸ் போட்டால் உடல் எடை முன்னால் சரிந்து அந்த முனைகளின் மேல் விழும். கெண்டைக்கால் தசை இறுகியிருந்தாலும் இதே கதைதான். சுவரில் கைவைத்து, ஒரு காலைப் பின்னுக்குத் தள்ளி, குதிகால் எழும்பாமல் அரை நிமிடம் நின்றால் கெண்டை இளகும்.

ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் பெண்களுக்கு இதை மட்டும் சொன்னால் போதாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தமே வந்திருக்கிறது. அவர்கள் வாய்விட்டுக் கேட்கும்வரை முதலாளிகள் காத்திருக்கக் கூடாது.

நம்பிக்கை: ஆணியை வேரோடு எடுத்துவிட்டால் வலி போய்விடும்.

ஆணிக்கு வேரே இல்லை. ஓரிடத்தில் ஓயாமல் அழுத்தம் விழுந்து, தோல் கெட்டிப்பட்டு, உள்நோக்கிக் கூம்பாக இறங்கியிருக்கிறது. பிளேடால் சீவினாலும் அழுத்தம் மாறாதவரை திரும்ப முளைக்கும். சர்க்கரை நோயாளிகள் தயவுசெய்து சீவவே வேண்டாம். மருந்துக்கடை ஆணி பிளாஸ்திரியும் வேண்டாம். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். உணர்விழந்த காலுக்குப் புண் வந்ததே தெரியாது.

நம்பிக்கை: வெறுங்காலில் நடந்தால் எல்லாம் சரியாகும்.

மணலில் நடப்பது வேறு, டைல்ஸ் தரையில் நடப்பது வேறு. வலி இருக்கும்போது வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு போடுங்கள். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் உடனிருந்தோரும் தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களைக் காக்கப் பயன்படுத்திய ரப்பர் அது.

நம்பிக்கை: மெத்தென்று இருந்தால் நல்ல செருப்பு.

அகலத்தைப் பாருங்கள். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வெள்ளைத்தாளின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். அதன்மேல் செருப்பையோ ஷூவையோ வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால், அதற்குள் உங்கள் விரல்கள் நசுங்குகின்றன. உள்ளே வைக்கும் பேடையும் பலர் வலிக்கிற இடத்திலேயே ஒட்டுகிறார்கள். அது வலிக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் எலும்பு முனைகளின் பாரம் குறையும்.

நம்பிக்கை: எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் பயமில்லை.

நரம்பு எக்ஸ்ரேயில் தெரியாது. மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவில் ஓடும் நரம்பு தடித்துப்போனால், செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் உறுத்தும், விரல்கள் மரத்துப்போகும். 1876-இல் அமெரிக்க மருத்துவர் தாமஸ் மார்ட்டன் விவரித்ததால் இந்தத் தடிப்பு அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. புற்றுநோய்க் கட்டி அல்ல. அதிகம் நடந்தோ ஓடியோ எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலும் முதல் வாரங்களில் எக்ஸ்ரேக்குச் சிக்காமல் போகலாம். ஒரே புள்ளியில் தொட்டாலே வலித்து, புறங்கால் வீங்கியிருந்தால், பழைய எக்ஸ்ரேயை நம்பி இருந்துவிடாமல் எலும்பு மருத்துவரை மறுபடி பாருங்கள்.