அலாஸ்காவுக்கு முதற் கப்பல் பிரயாணம்

அலாஸ்காவுக்கு உல்லாசக் கப்பலில் போக விரும்புகிறவர்களில் பலர் முதலில் கப்பலின் படத்தைப் பார்த்து, அதிலுள்ள நீச்சல் குளத்தையும் நாடக அரங்கையும் போஜனசாலைகளையும் எண்ணி மகிழ்ந்து, அதன் பிறகே அது எந்த வழியாகப் போகிறது என்று விசாரிக்கிறார்கள். முதல்முறை போகிறவர் வழியை முதலிலும் கப்பலைக் கடைசியிலும் தேர்ந்தெடுப்பதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகவே முதற்காரியம், எந்தப் பனியாற்றைக் காணப் போகிறோம் என்று நிச்சயிப்பது. கிளேசியர் பே என்னும் விரிகுடாவுக்கே நான் முதலிடம் கொடுப்பேன். 1794இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வான்கூவரின் மாலுமிகள் அவ்விடத்துக்கு வந்தபோது உள்ளே நுழைய வழியின்றிப் பனிச்சுவரே எதிர்நின்றது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோதோ அந்தப் பனி 40 மைலுக்கு மேல் பின்வாங்கி, நடுவே ஒரு கடலையே விட்டுச் சென்றிருந்தது. இன்று நாளொன்றுக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மேல் அங்கே அனுமதியில்லையாதலால், பிரயாண அட்டவணையில் அப்பெயர் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

அடுத்தது, புறப்படும் துறைமுகம். கனடாவின் வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் தீவுகளுக்கு இடைப்பட்ட அமைதியான நீர்வழியில் செல்கின்றன. சியாட்டிலிலிருந்து கிளம்புபவை பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் போவதால், அலையின் ஆட்டம் சற்று அதிகம். எங்கே ஏறினாலும் இந்தியக் கடவுச்சீட்டு உடையவருக்கு அமெரிக்கா, கனடா ஆகிய இரு நாட்டு விசாவும் தேவை. ஏனெனில், அமெரிக்காவின் 1886ஆம் வருஷத்துச் சட்டப்படி, அந்நியக் கொடி ஏற்றிய கப்பல் சியாட்டிலில் புறப்பட்டு அங்கேயே திரும்ப வேண்டுமானால் நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டாக வேண்டும். அது பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவாக இருக்கும். அமெரிக்க விசா நேர்காணலுக்குப் பல மாதம் காத்திருக்க நேரலாமாகையால், இவ்வேலையை ஒரு வருஷம் முன்பே தொடங்குவது விவேகம்.

மாதத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் மழை குறைவு, மலையுச்சிகளில் பனியும் மிகுதி. ஜூனில் ஜூனோ நகரில் பகல் 18 மணி நேரம் நீள்கிறது. செப்டம்பரில் மழை வலுக்கிறது. அறையைப் பொறுத்தவரை, கடல்நோய்க்கு அஞ்சுபவர் கப்பலின் நடுப்பாகத்தில் கீழ்த்தளத்து அறையைக் கேட்டு வாங்குவது நலம்.

உடை விஷயத்தில்தான் நம்மவர் பெரிதும் தவறுகிறார்கள். கோடையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே இருக்கும் என்று கேட்டவுடன், கனமான மேலங்கி ஒன்றை வாங்கி அதோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். உண்மையில், உடம்பை ஒட்டிய மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே நீர்புகாத மழையங்கி என்று, வேண்டும்போது அணிந்து வேண்டாதபோது கழற்றத்தக்க மூன்று அடுக்குகளே அங்கே ரக்ஷை. பருத்தி நனைந்தால் எளிதில் உலராது, குளிரையும் தடுக்காது. காதை மூடும் குல்லாய், கையுறை, தொலைநோக்கி ஆகிய மூன்றையும் மறக்கலாகாது.

விமானத் தாமதத்துக்காகக் கப்பல் காத்திராது. ஒரு நாள் முன்னதாகவே துறைமுக நகரை அடைந்துவிடுங்கள். ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலைவழியே கிடையாதாதலால், அவசர சிகிச்சைக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் காப்பீடு அவசியம். கரையில் செலவழிக்க ஓரளவே பணம் இருக்குமானால், ஸ்காக்வே என்னும் துறைமுக ஊரில் தங்கவேட்டைக் காலத்தில் அமைத்த சிறு ரயிலுக்கு அதை ஒதுக்குங்கள். 20 மைல் தூரத்துக்குள் ஏறத்தாழ 2,900 அடி ஏறும் பாதை அது.

கிளேசியர் பேயில் கப்பல் நுழையும் நாளன்று மட்டும் காலையுணவைப் பெரிதாக நினைக்காமல், விடியுமுன்பே கம்பளி அணிந்து மேல்தளத்துக்குப் போய்விடுங்கள்.