சின்னஞ்சிறு கிளிப்பும் சிக்கனமும்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். காரின் கதவுப் பலகையைத் தாங்கும் பிளாஸ்டிக் கிளிப்பும் அத்தகையதே. நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஆதலின் இதனை ஆராய விழைந்தேன்.

திருகாணியை முறுக்கக் கருவியும் நேரமும் வேண்டும். கிளிப்பையோ துளையில் வைத்து அழுத்தினால் போதும்; அதன் கிளைகள் ஒடுங்கி உட்புகுந்து, மறுபுறம் விரிந்து பற்றிக்கொள்ளும். எடை குறைவு, துருவும் பிடிக்காது. எனவே, இதனை வெறும் மலிவுச் சரக்கென ஒதுக்குவது முறையன்று.

நைலான், பாலிப்ரோப்பிலீன் போன்ற பலபடிச் சேர்மங்களால் கிளிப்புகள் செய்யப்படுகின்றன. நைலான் ஈரத்தை ஏற்று நெகிழும், உலர்ந்தால் விறைக்கும். வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுப்பதால், நாளடைவில் அது நொறுங்கும் தன்மை அடைகிறது. வெப்பந்தாங்கும் சேர்மானங்களைக் கலந்தால் ஆயுள் கூடும். அச்செலவை மிச்சம் பிடித்தால், கதவைப் பிரிக்கும் மெக்கானிக்கின் கையில் கிளிப் ஒடியும். செலவோ உரிமையாளர் தலையில் விழும்.

நம் ஊர்ச் சேலையில், பட்டு நூலில் வெள்ளியிழை சுற்றிப் பொன் பூசிய சரிகையும் உண்டு; போலிச் சரிகையும் உண்டு. கடையில் இரண்டும் மின்னும். சரிகையையாவது சோதித்து வாங்கலாம். கதவுக்குள் மறைந்த கிளிப்பை வாங்குவோர் காண்பதே இல்லை. ஆகவே, விலையைக் குறைக்கும் பொறியாளர், பின்னாளில் அதைப் பிரித்து மாட்டப்போகும் கைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.